லுவார்ப் பள்ளத்தாக்கு வைன்கள்: போத்தலில் ஊரின் பெயர் இருக்கிறது, முந்திரிகையின் பெயர் எங்கே?

கோண்டாவில் பந்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரிசில் இருக்கும் என் மைத்துனர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து நின்றுவிட்டுத் திரும்பும்போது மூன்று போத்தல் வைன் தந்துவிட்டுச் சென்றார். திருவிழா முடியும்வரை வீட்டில் மச்சமே சமைக்கவில்லை என்பதால் அவற்றைத் திறக்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. மூன்றும் இன்னும் என் அலுமாரியில், அம்மாவின் கண்ணில் படாதவாறு, பழைய கணக்குக் கொப்பிகளுக்குப் பின்னால் படுத்திருக்கின்றன.

என் சந்தேகம் அவற்றின் லேபல்களைப் பற்றியது. ஒன்றில் 'மஸ்கடே செவ்ர் எ மேன்' என்றும் அதன் கீழே சிறிய எழுத்தில் 'சூர் லீ' என்றும் இருக்கிறது. இரண்டாவதில் 'வூவ்ரே', அதன் கீழ் 'தெமி செக்'. மூன்றாவது சிவப்பு வைன். அதில் 'ஷினோன்' என்ற பெயரும் ஒரு கோட்டையின் படமும் உள்ளன. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தும், எந்த முந்திரிகையிலிருந்து செய்தார்கள் என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. மைத்துனரிடம் வட்சப்பில் கேட்டதற்கு, "மூன்றும் லுவார் ஆற்றங்கரை வைன், நல்லது, யோசிக்காமல் குடியுங்கோ" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

என் வளவில் நாற்பது கொடி இஸ்ரேல் புளூ பந்தலில் நிற்கிறது. வாங்க வரும் வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்து விலை கேட்பாரே தவிர, எந்த ஊர்ப் பழம் என்று கேட்டதில்லை. வைன் என்ற வகையில் தோலகட்டி ஆசிரமத்து முந்திரிகை ரசத்துக்கு அப்பால் எனக்குப் பழக்கமும் கிடையாது. ஆகவே கேட்கிறேன்: இந்த மூன்றிலும் உள்ள இனங்கள் எவை? 'மஸ்கடே' என்பது மஸ்கட் என்ற அந்த வாசனை முந்திரிகைதானா? ஒரே ஆற்றின் கரையில் விளைபவை ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன? நம் ஊர் வெக்கையில் இவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? கடைசிக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்: அந்த இனங்களில் ஒன்றை என் பந்தலில் ஏற்ற முடியுமா?


லுவார்க்கரை உரும்பிராயான் எழுதியது:

நான் உரும்பிராயில் பிறந்து, பத்தொன்பது ஆண்டுகளாகத் தூர் நகரில் வசிப்பவன். வந்த புதிதில் மூன்று இலையுதிர் காலங்கள் வூவ்ரேயில் முந்திரிகை வெட்டப் போயிருக்கிறேன். ஆகையால் என் பதில் வூவ்ரேயின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லேபல். மட்டுவில் கத்தரிக்காய் என்று சொன்னால் திருநெல்வேலிச் சந்தையில் எவரும் "அது என்ன இனம்" என்று கேட்பதில்லை. ஊர்ப் பெயரே இனத்தையும் மண்ணையும் சுவையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பிரான்சில் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். 1935இல் இதற்கென ஓர் அரச அமைப்பை ஏற்படுத்தி, இன்ன ஊரின் பெயரைப் போட வேண்டுமானால் இன்ன எல்லைக்குள், இன்ன இனத்தை, ஹெக்டேயருக்கு இவ்வளவுக்கு மேற்படாத விளைச்சலில் எடுக்க வேண்டும் என்று ஊர் ஊராக விதி எழுதினார்கள். வூவ்ரே, சான்சேர், மஸ்கடே செவ்ர் எ மேன் ஆகியவை அடுத்த ஆண்டே, 1936இல், அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. விதி தெரிந்தவருக்கு ஊரின் பெயர் போதும் என்பதால் முந்திரிகையின் பெயரை எழுதும் பழக்கம் வரவில்லை. நம் சந்தையில் எந்தக் கத்தரிக்காயையும் மட்டுவில் என்று கூவி விற்கலாம். இங்கே அப்படி விற்றால் வழக்கு வரும்.

லுவார் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது, பிரான்சின் மிக நீண்ட ஆறு. தெற்கே ஆர்தேஷ் மலைப்பகுதியில் பிறந்து வடக்கு நோக்கி ஓடி, ஓர்லேயான் நகரருகில் மேற்கே திரும்பி, நான்த் நகரைக் கடந்து அத்திலாந்திக் கடலில் விழுகிறது. அந்தக் கடல்முனையிலிருந்து ஆற்றுக்கு எதிர்த்திசையில் நடந்தால் உங்கள் போத்தல்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும்.

நான்த் நகரின் தென்கிழக்கில், செவ்ர், மேன் என்ற இரு சிற்றாறுகளைச் சுற்றி விளைவது மஸ்கடே. மஸ்கட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. இனத்தின் பெயர் மெலோன் டி பூர்கோய்ன். கிழக்கே பூர்கோய்ன் பகுதியிலிருந்து வந்தது, மரபணுப்படி ஷார்டனே என்ற வெள்ளை இனத்தின் உடன்பிறப்பு. 1709ஆம் ஆண்டின் கொடும் பனி கடலோரத்துக் கொடிகளைப் பெருமளவில் கொன்றபோது குளிரைத் தாங்கி நின்றது இதுதான் என்பதால், அதற்குப் பிறகு பரவலாக நட்டார்கள். காய்ச்சி வடிப்பதற்கு வெள்ளை வைன் தேடிவந்த ஒல்லாந்து வணிகர்களும் இதற்கு ஒரு காரணம். யாழ்ப்பாணத்துக் கோட்டையைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்த அதே ஒல்லாந்தரின் நாட்டவர் அந்தக் காலத்திலேயே நான்த் துறைமுகத்தில் வைனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு வேடிக்கையான உணர்வு வரும். 'சூர் லீ' என்றால் வண்டலின் மேல் என்று பொருள். நொதித்து முடிந்ததும் இறந்த ஈஸ்ட் அடியில் படியுமல்லவா, அதை அகற்றாமல் ஒரு குளிர்காலம் முழுவதும் வைனை அதன்மேலேயே விட்டு, வண்டலிலிருந்து நேரடியாகப் போத்தலில் அடைக்கிறார்கள். மெலோன் தன்னளவில் வாசனை குறைந்த இனம். அதற்கு ஒரு சதைப்பிடிப்பைக் கொடுப்பது அந்த வண்டல். நாக்கில் மிக இலேசாகச் சுறுக்கென்று ஒரு கூச்சம் தெரியலாம்; அது பழுதல்ல, எஞ்சிய வாயு.

சற்று மேலே வந்தால் ஆஞ்சு என்ற பகுதி. இங்கிருந்து தூர் வரை ஆட்சி செய்வது ஷெனின் பிளாங் என்ற வெள்ளை இனம். உங்கள் வூவ்ரே இதுதான். இந்த ஒற்றை இனம் எடுக்கும் வேடங்களை வேறெந்த முந்திரிகையிலும் நான் கண்டதில்லை. ஆஞ்சுவில் ஆற்றின் வடகரையில் சவென்னியேர் என்ற ஊர். அங்கே படிகப்பாறை மண்ணில் முற்றிலும் இனிப்பற்ற, இறுக்கமான வைனாக வருகிறது. தென்கரையில் லேயோன் என்ற கிளையாற்றின் சரிவுகளில் அதே ஷெனின் தேன்போன்ற இனிப்பு வைனாகிறது. அந்தச் சரிவில் உள்ள கார் டி ஷோம் என்ற சிறிய நிலத்துண்டுதான் லுவார் முழுவதிலும் 'கிராண்ட் குரூ' என்ற உயர்தகுதியை, 2011இல், முதலில் பெற்றது. வூவ்ரேயில் இனிப்பற்றது, பாதி இனிப்பு, முழு இனிப்பு, நுரைப்பது ஆகிய நான்கையும் ஒரே தோட்டக்காரர் ஒரே கொடியிலிருந்து, ஆண்டின் வெயிலைப் பார்த்து முடிவெடுத்துச் செய்வார். உங்கள் லேபலில் உள்ள 'தெமி செக்' என்பது அந்தப் பாதி இனிப்பு.

முழு இனிப்புக்குக் காரணம் ஒரு பங்கசு. இலையுதிர் காலத்தில் காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து சரிவை மூடும். நண்பகலில் வெயில் வந்து அதைக் கலைத்துவிடும். அந்த ஈரத்தில் பொட்ரைற்றிஸ் என்ற பங்கசு பழத்தின் தோலைத் துளைக்கிறது, வெயிலில் நீர் ஆவியாகிறது, உள்ளே சர்க்கரையும் புளிப்பும் திரண்டு நிற்கின்றன. முதல் ஆண்டு எனக்கு இது தெரியாது. சாம்பல் படிந்து, ஊதாவும் மண்ணிறமுமாகச் சுருங்கி, பழைய முந்திரிகை வத்தலைப்போல் தொங்கிய ஒரு குலையை அழுகல் என்று நினைத்து வெட்டி நிலத்தில் எறிந்துவிட்டேன். பின்னால் வந்த தோட்டக்கார முதியவர் ஒன்றும் பேசாமல் குனிந்து அதை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் தந்தார். கடித்தபோது முதலில் தேன், பிறகு தோடம்பழத் தோல், அதன் பிறகு பல் கூசுமளவுக்குப் புளிப்பு. அன்றைக்கு அந்த வரிசையில் அழுகிய குலைகளை மட்டுந்தான் வெட்டினோம்; நல்ல குலைகளை விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே வரிசைக்குப் போனோம்.

வூவ்ரேயின் அடியில் இருப்பது துஃபோ என்னும் மென்மையான வெண் சுண்ணாம்புக்கல். லுவார்க் கரை அரண்மனைகளைக் கட்ட அதை வெட்டியெடுத்த குகைகள்தான் இன்று வைன் நிலவறைகள். வெளியே கோடையானாலும் பனியானாலும் உள்ளே ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ்.

ஷினோன், லுவாரில் வந்து கலக்கும் வியென் ஆற்றின் கரையில் உள்ள ஊர். இனம் கபர்னே பிராங். உலகம் முழுவதும் பெயர்போன கபர்னே சோவின்யோனின் பெற்றோரில் ஒன்று இது. மற்றையது வெள்ளை இனமான சோவின்யோன் பிளாங். இந்த உறவை 1997இல் கலிபோர்னியாவில் மரபணுச் சோதனை மூலம் உறுதிப்படுத்தினார்கள். முகர்ந்தால் சிவப்புப் பழங்களோடு, பச்சைக் கறிமிளகாயை வெட்டும்போது எழும் மணம் ஒன்று தெரியும். அது கற்பனை அல்ல: பைரசீன் என்ற வகைச் சேர்மங்கள் இரண்டிலும் உள்ளன. பழம் நன்கு முற்றாத ஆண்டுகளில் அது மிகையாக இருக்கும். ஆற்றோரச் சரளை நிலத்தில் விளைவது இலகுவான, விரைவில் குடிக்க வேண்டிய வைன். துஃபோச் சரிவில் விளைவது பல ஆண்டுகள் தாங்கும். உள்ளூரில் இந்த இனத்தைப் 'பிரெத்தோன்' என்பார்கள். பிரெஞ்சு மன்னரின் முதன்மை அமைச்சராக இருந்த கர்தினால் ரிஷ்லியு 17ஆம் நூற்றாண்டில் பிரெத்தோன் என்ற துறவி ஒருவரிடம் கன்றுகளை அனுப்பி நடச் செய்ததால் அந்தப் பெயர் வந்தது என்று வெட்டுக்காலத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

உங்கள் மைத்துனர் விட்டுவிட்டது ஆற்றின் இன்னும் மேலே உள்ள சான்சேர். வெள்ளை சோவின்யோன் பிளாங்கில் செய்வது. சிவப்பும் ரோஸ் என்னும் இளஞ்சிவப்பும் பினோ நுவார் என்ற சிவப்பு இனத்தில், அவற்றுக்கு 1959இல்தான் அனுமதி கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழிப்பதற்கு முன் அங்கே சிவப்பு இனங்களே மிகுதி. அழிவுக்குப் பின் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டி மீண்டும் நட்டபோதுதான் சோவின்யோன் பெருகியது. அக்கரையில் உள்ள ஊரின் சோவின்யோனுக்குப் பூயி ஃபுமே என்று பெயர். கடையில் அதே ஊரின் 'பூயி சூர் லுவார்' என்ற போத்தலும் நிற்கும், அது ஷாஸ்லா என்ற வேறு இனம். 'பூயி ஃபுய்சே' என்று இன்னொன்று நிற்கும், அதுவோ லுவாரே அல்ல, பூர்கோய்ன் பகுதியின் ஷார்டனே. ஊர்ப் பெயர் முறையில் எனக்கும் எரிச்சல் வரும் இடம் இதுதான்.


வண்ணார்பண்ணை வாசகி எழுதியது:

உரும்பிராய் அண்ணாவின் பதில் மிகச் சிறப்பு. ஒரேயொரு திருத்தம் மட்டும் சொல்ல அனுமதியுங்கள். 'பிரெத்தோன்' என்ற பெயருக்கான ரிஷ்லியு கதை அங்கே பரவலாகச் சொல்லப்படுவதுதான் என்றாலும், காலக் கணக்கில் அது நிற்காது. ரிஷ்லியு பிறந்தது 1585இல். ஷினோனுக்கு அருகே பிறந்த எழுத்தாளர் ரபெலே 1553இல் இறந்துவிட்டார். அவர் தம் எழுத்திலேயே 'பிரெத்தோன் வைன்' என்று குறிப்பிட்டு, அது பிரித்தானி மாகாணத்தில் விளைவதல்ல, ஷினோனை அடுத்த வெரோன் நிலத்தில் விளைவது என்று விளக்கமும் தருகிறார். கர்தினால் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வழக்கில் இருந்திருக்கிறது.

'பிரெத்தோன்' என்றால் பிரித்தானியைச் சேர்ந்தது என்று பொருள். கொடி பிரித்தானியின் துறைமுகமான நான்த் வழியாக ஆற்றில் மேலேறி வந்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நம்மிடமும் வந்த வழியைப் பெயராக்கும் வழக்கம் உண்டே: சீமையிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய்க்குச் 'சீமெண்ணெய்' என்றும், சுட்ட ஓட்டுக்குச் 'சீமையோடு' என்றும் பெயர் வைத்தவர்கள்தானே நாம்.

ஒல்லாந்தர் செய்தியோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். பிரித்தானிக்கும் ஆஞ்சுவுக்கும் இடையில், ஆற்றின்மேல் இங்கிராந்த் என்ற இடத்தில், சுங்கச்சாவடி ஒன்று இருந்தது. மேலேயிருந்து கடலுக்கு இறங்கும் வைனுக்கு அங்கே வரி கட்ட வேண்டும். கீழே நான்த் பக்கத்தில் விளைந்ததற்கு அந்தச் செலவு இல்லை. எனவே மலிவான வைனைக் காய்ச்ச விரும்பிய வணிகர் கீழேயே வாங்கிக்கொண்டனர். வரியையும் தாங்கக்கூடிய தரமுள்ள வைனே மேலேயிருந்து இறங்கியது.


லுவார்க்கரை உரும்பிராயான் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அத்தனை பேரையும் எப்படித் தேடிப் பிடித்துத் திருத்துவது என்று தெரியவில்லை. சுங்கச் செய்தி எனக்குப் புதிது.


செம்மண் தோட்டம் எழுதியது:

பந்தல் அண்ணாவின் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விவசாயம் படித்தவன், அச்சுவேலிப் பக்கம் எங்களுக்கும் முந்திரிகைத் தோட்டம் உண்டு. சிரிக்கவில்லை, ஏனென்றால் இதே ஆசை எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது.

சுண்ணாம்புக்கல்லைப் பற்றி வாசித்ததும் நம்மவர் பலருக்கும் ஒரு நம்பிக்கை பிறக்கும். அங்கேயும் சுண்ணாம்பு, இங்கேயும் சுண்ணாம்பு; கிணறு வெட்டினால் வெள்ளைக் கல்தானே வருகிறது. ஆனால் கொடிக்குக் கல் இரண்டாம் விடயம், முதல் விடயம் இரவு. தூர் நகரம் வட அகலக்கோடு 47 பாகைக்கு மேல் இருக்கிறது, நாம் 10 பாகைக்கும் கீழே. அங்கே பழம் முற்றும் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் இரவு குளிர்ந்துவிடும். முந்திரிகையில் உள்ள மாலிக் அமிலத்தைக் கொடி வெப்பத்தில் சுவாசித்து எரித்துவிடுகிறது. இரவு குளிர்ந்தால் அந்த எரிப்பு அடங்கிப் புளிப்பு பழத்திலேயே தங்கும். லுவார் வைன்களின் உயிர் அந்தப் புளிப்புத்தான். இங்கே சர்க்கரை ஏறுவதற்குக் குறைவில்லை. ஆனால் விடியற்காலையிலும் வெக்கை இறங்காத நிலத்தில் புளிப்பு நிற்காது. ஷெனினை நட்டாலும் பெயர் ஷெனினாக இருக்கும், வைன் வூவ்ரேயாக இருக்காது.

இரண்டாவது, உறக்கம். அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்குகிறது, வசந்தத்தில் தானாக விழிக்கிறது. நம் கொடிக்குத் தூக்கம் என்பதே கிடையாது என்பதால்தான் நாம் தண்ணீரை நிறுத்தி, கத்தரித்து, இலையை உருவி, வலிந்து பூக்க வைக்கிறோம். கத்தரித்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை வெட்டலாம், ஆண்டுக்கு இருமுறை எடுக்கலாம். அங்கே ஒரு தோட்டக்காரருக்கு ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு. விழித்தெழுந்த தளிரை ஏப்ரல் மாதத்து உறைபனி ஓர் இரவில் கருக்கிவிட்டால் அந்த ஆண்டே போனது. 2021 ஏப்ரலில் பிரான்சின் பெரும்பகுதியில் அப்படித்தான் நடந்தது; கொடி வரிசைகளுக்கிடையில் இரவிரவாகத் தீச்சட்டிகளை எரித்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு மாரி மழையில் பூஞ்சணம், அவர்களுக்கு உறைபனி.

பங்கசு பற்றி அண்ணா எழுதியதை வாசித்துவிட்டு எவரும் கார்த்திகை மாதத்தில் அழுகிய குலையை விட்டு வைக்க வேண்டாம். அங்கே காலை ஈரத்தை நண்பகல் வெயில் உலர்த்துகிறது. இங்கே கார்த்திகையில் ஈரத்துக்கு மேல் ஈரந்தான். பழம் வற்றாது, வெடித்துப் புளித்துப்போகும்.

ஷெனின் வெப்ப நாடுகளுக்கு ஒத்தே வராது என்றும் சொல்ல மாட்டேன். தென்னாபிரிக்காவில் அதற்கு 'ஸ்டீன்' என்று பெயர். பிரான்சை விட அங்கேதான் அது அதிகம் பயிராகிறது. இந்தியாவில் நாசிக் பகுதியிலும் ஷெனினும் சோவின்யோனும் வளர்கின்றன. ஆனால் நாசிக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிக்கால இரவுகள் குளிரும், அதைப் பிடித்துக்கொண்டு பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை செய்கிறார்கள். நம்மிடம் அந்த உயரம் இல்லை.

ஒரு வேண்டுகோள்: ஆசை மிகுதியில் மைத்துனரிடம் பயணப்பெட்டிக்குள் நடுவதற்குக் கொடித் தடி கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். ஃபிலொக்செரா ஐரோப்பாவுக்குள் நுழைந்ததே 1860களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடுதான். உங்கள் நாற்பது கொடி இஸ்ரேல் புளூ சாப்பாட்டுப் பழமாக நன்றாகத்தானே போகிறது.


மானிப்பாய்க் குசினி எழுதியது:

நான் நான்த் நகரில் ஓர் உணவகத்தின் குசினியில் பதினோர் ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவள். இனங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். போத்தல்களைக் காப்பாற்றும் வழியை நான் சொல்கிறேன்.

முதலில் அவற்றை அந்த அலுமாரியிலிருந்து எடுங்கள். நம் வீட்டு அலுமாரிக்குள் பகலில் முப்பது பாகைக்குக் குறையாது. அந்தச் சூட்டில் சில மாதம் கிடந்த வைன் அவித்த பழத்தின் மணத்தோடு மங்கிவிடும், தக்கையும் வெளியே தள்ளப்படலாம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். குறுகிய காலத்துக்கு அது கெடுதல் செய்யாது. வைத்திருந்து பழுக்கவிடும் யோசனை வேண்டாம். நல்ல வூவ்ரே அந்தத் துஃபோக் குகைக்குள் ஒரு மனிதனின் ஆயுள்காலம் கிடக்கும், 1947ஆம் ஆண்டு வூவ்ரேயைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அதைக் காப்பது இனிப்பும் புளிப்பும் குகையின் குளிரும் சேர்ந்துதான். காலையில் இறக்கிய கள்ளு மாலைக்குள் புளிக்கும் வெக்கையில் அந்தக் கணக்குச் செல்லாது.

மஸ்கடேயை முதலில் திறவுங்கள். நான்த் பக்கத்தில் அதைச் சிப்பியோடும் மட்டியோடும் குடிப்பார்கள். ஆனால் நம் நண்டுக் குழம்புக்கு முன்னால் அது தண்ணீராகிவிடும், உறைப்பு அதை விழுங்கிவிடும். உப்பும் மிளகும் மட்டும் போட்டு அவித்த இறாலுக்கோ, தேசிக்காய் பிழிந்த பொரித்த கணவாய்க்கோ அது பொருந்தும். நண்டுக் குழம்புக்கு வூவ்ரேயை எடுங்கள்: பாதி இனிப்பு உறைப்பைத் தணிக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கனதியை வெட்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சமையற்காரர்கள் இந்தச் சேர்க்கையைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துக் கொடுத்தேன், பிறகு சிரிக்கவில்லை.

ஷினோன்தான் நம் சாப்பாட்டோடு சண்டை பிடிக்கும். சிவப்பு வைனின் துவர்ப்பும் மிளகாய்த்தூளும் ஒன்றையொன்று கூட்டிவிடும். உறைப்பில்லாத இறைச்சியோடு, அரைமணி நேரம் குளிரவைத்த பிறகு குடியுங்கள். அறை வெப்பத்தில் சிவப்பு வைன் என்று எழுதியிருப்பது அவர்களுடைய அறையின் வெப்பம், நம்முடையதல்ல.


கோண்டாவில் பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பந்தல் ஆசையைக் கைவிட்டேன், சற்று வருத்தத்தோடுதான். போத்தல்களை அன்றே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினேன். அதனால் அம்மாவுக்கும் விடயம் தெரிந்துவிட்டது. "கோயில் முடிந்ததுதானே" என்று மட்டும் சொன்னார்.

மஸ்கடேயை இரண்டு வாரத்துக்கு முன் பொரித்த கணவாயோடு திறந்தோம். முதல் மிடறில் எனக்கு ஏமாற்றம், மணமே இல்லையே என்று நினைத்தேன். இரண்டாவது துண்டு கணவாய்க்குப் பிறகுதான் அதன் உப்புச் சுவை போன்ற ஒன்று பிடிபட்டது. அக்கா சொன்னபடியே நேற்று நண்டுக் குழம்புக்கு வூவ்ரேயை எடுத்தோம். நிறம் இலேசான வைக்கோல் மஞ்சள், மணத்தில் பழுத்த பேரிக்காயும் ஏதோ தேனும். இனிப்பு முன்னால் வந்து நிற்காமல், குழம்பின் உறைப்பு எழும் நேரத்தில் வந்து அமர்ந்தது. அம்மாவும் சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கருப்பநீரில் தேசிக்காய் பிழிந்தமாதிரி" என்றார்.

ஆனால் ஒரு பயம். கடைசிக் கிளாசை ஊற்றும்போது அடியில் கண்ணாடித்தூள் போன்ற சிறு படிகங்கள் கிடந்தன. தக்கையின் உட்புறத்திலும் நாலைந்து ஒட்டியிருந்தன. அம்மா அதைக் கற்கண்டு என்றார், என் மகன் போத்தல் உள்ளே உடைந்திருக்கிறது என்றான். மஸ்கடேயில் அப்படி எதுவும் இருக்கவில்லை. மீதியை ஊற்றிவிட்டோம். வைன் பழுதாகிவிட்டதா? ஷினோனையும் திறக்காமல் வைத்திருக்கிறேன்.


லுவார்க்கரை உரும்பிராயான் எழுதியது:

ஊற்றியது வீண். அது கண்ணாடியும் அல்ல, சர்க்கரையும் அல்ல, பழுதும் அல்ல. முந்திரிகையில் தார்த்தாரிக் அமிலம் இருக்கிறது. அதன் பொற்றாசியம் உப்பு குளிரில் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகத் திரளும். பெரிய தொழிற்சாலைகளில் போத்தலில் அடைக்கும் முன்பே வைனைக் கடுமையாகக் குளிர்வித்து அதை வெளியே எடுத்துவிடுவார்கள். சிறு தோட்டக்காரர் பலர் அதைச் செய்வதில்லை. இரண்டு வாரம் உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தபோதுதான் அது திரண்டிருக்கும். பழப்புளியின் புளிப்புக்கும் காரணம் இதே அமிலந்தான், அம்மாவின் ரசத்தில் நாள்தோறும் இருப்பது. இனி வந்தால் ஒரு படிகத்தைப் பல்லில் கடித்துப் பாருங்கள், இனிக்காது, புளிக்கும்.

ஷினோனில் படிகம் சிவப்பாகப் படிந்திருக்கலாம், கூடவே நிறமும் வண்டலாக இறங்கியிருக்கலாம். திறப்பதற்கு முதல்நாள் போத்தலை நிமிர்த்தி வையுங்கள், மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள், அடியில் இரண்டு விரற்கடை அளவை விட்டுவிடுங்கள்.